வெறும் வயிற்றுக்காரர்கள் வரிசையில் வரவும்

காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் போய் நின்று பாருங்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கும். கவுன்டருக்குள் இருப்பவர் நீதிபதி. வெளியே மஞ்சள் பையோடு நிற்கும் எழுபது வயதுப் பாட்டி குற்றவாளி.

"பாட்டி, ஏதாவது குடிச்சீங்களா?"

"ஒண்ணும் இல்ல தாயி. பிரஷர் மாத்திரை போட ஒரு மடக்குத் தண்ணி..."

"வெறும் வயிறுன்னு சொன்னோம்ல? நாளைக்கு வாங்க."

தீர்ப்பு சொல்லியாயிற்று. மேல்முறையீடு கிடையாது. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, துணைக்கு வந்த மகன் போட்ட அரை நாள் லீவு, ராத்திரி எட்டு மணியிலிருந்து கிடந்த பட்டினி, எல்லாம் அந்த ஒரு மடக்கோடு போயிற்று.

எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது இந்தச் சட்டம்? வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க வேண்டுமானால், குறைந்தது 8 மணி நேரத்துக்குக் கலோரி உள்ள எதுவும் உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதான். தண்ணீரில் ஏது கலோரி? தாராளமாகக் குடிக்கலாம். குடிக்காமல் வறண்டுபோய் வந்தால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே தெரியும். "நரம்பே கிடைக்கல" என்று இடது கையில் ஒரு குத்து, வலது கையில் ஒரு குத்து, புறங்கையில் ஒரு குத்து. மூன்றும் குத்தி முடித்துவிட்டு, "நிறையத் தண்ணி குடிக்கணும் பாட்டி" என்று உபதேசம் வேறு. "தண்ணிகூடக் கூடாது" என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொல்ல வேண்டியதை ரத்தம் எடுக்கும் இடத்தில் சொல்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லை.

சரி, நம் ஜனங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "ஒண்ணுமே சாப்பிடலைங்க, டீ மட்டும்தான்." தமிழனுக்கு டீ என்றைக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வந்தது? சர்க்கரை போடாத பால் காபி என்றால் சுத்த விரதம் என்று நினைப்பு. பாலிலேயே சர்க்கரை இருக்கிறது, ஐயா. பால் விடாத கறுப்புக் காபியும் வேண்டாம், அதிலுள்ள காஃபீன் சும்மா இருக்காது. அடுத்து வாட்ஸ்அப் வைத்தியர்கள் வருவார்கள்: வெந்நீரில் தேன், நெல்லிக்காய்ச் சாறு, இளநீர். கேட்டால், "இயற்கைதானே சார்!" கரும்பும்தான் இயற்கை. ஒரு பீடி இழுத்தால் என்ன, பூங்காவை நாலு சுற்று ஓடிவிட்டு வந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் அளவை மாற்றும். முந்தைய இரவு டாஸ்மாக்கில் பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும்வரை உட்கார்ந்துவிட்டு, காலையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏன் எகிறியிருக்கிறது என்று லேப்காரனோடு சண்டை போடுபவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

இவர்களெல்லாம் அறியாமல் செய்கிறார்கள். அறிந்தே செய்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று சொல்கிறார்களே, எச்பிஏ1சி, அதற்குப் பட்டினி தேவையே இல்லை. ஹீமோகுளோபினுக்குத் தேவையில்லை. வழக்கமான தைராய்டு, கிரியாட்டினின் பரிசோதனைகளுக்கும் பட்டினி கட்டாயமில்லை. கொழுப்புக்குக்கூட எல்லோரையும் பட்டினி போட வேண்டியதில்லை என்று ஐரோப்பிய வல்லுநர் குழு 2016இலேயே கூட்டறிக்கை விட்டது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் பார்த்தால் போதும் என்றது. ஆனால் நம் ஊரில் எந்தச் சீட்டை நீட்டினாலும் ஒரே மந்திரம்: வெறும் வயிற்றில் வாங்க. யாருக்கு எது தேவை என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் போட வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். அதைவிட ஊரையே பட்டினி போடுவது மலிவு.

பட்டினி போடாமல் பரிசோதிப்பது ஏதோ தீவில் நடக்கும் அதிசயம் இல்லை. சென்னையிலேயே வேறு மாதிரி யோசித்த மனிதர் ஒருவர் இருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்று தனித்துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யா. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பட்டினியோடு வரச் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வந்தவர்கள் மயங்கி விழுவார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடு, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனி. அந்த முறையைத்தான் நாட்டின் கர்ப்பகால நீரிழிவு வழிகாட்டுதல் எடுத்துக்கொண்டது. நோயாளி யார், எங்கிருந்து வருகிறார், எத்தனை பஸ் மாறுகிறார் என்று யோசித்தால் விஞ்ஞானமும் கொஞ்சம் இறங்கிவரும். யோசிக்காதவர்களுக்கு டோக்கன் மெஷின் போதும்.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. இவ்வளவு பேர் இருந்தால் முகாம் நடத்தாமல் இருப்பார்களா? நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். "மாபெரும் இலவச சர்க்கரை நோய் கண்டறியும் முகாம்." காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறார்கள் கிழவன் கிழவிகள். ஊசி தயார், பஞ்சு தயார். ரிப்பன் மட்டும் வெட்டப்படவில்லை. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார். ஒன்பதரைக்கு "இதோ, நெருங்கிவிட்டார்." பத்தரைக்குக் கார் வருகிறது. பொன்னாடை, குத்துவிளக்கு, "உணவே மருந்து" என்று அரை மணி நேரப் பேச்சு. பேசுபவர் டிபன் முடித்துவிட்டு வந்தவர். கேட்பவர்களில் சிலர், காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவர்கள். ரத்தம் எடுத்து, சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மாத்திரை என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். நாலாவது வரிசையில் ஒரு பெரியவர் சரிகிறார். மேடையிலிருந்து உடனே உத்தரவு: "அவருக்கு ஒரு சாக்லேட் குடுங்கப்பா." படமும் எடுத்தாயிற்று. மறுநாள் செய்தியில், 'மனிதநேயம்.'

அடுத்து, சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தம். இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் சாப்பாட்டிலிருந்து எண்ண வேண்டியது, கை கழுவியதிலிருந்து அல்ல. சொல்லியிருக்கிறார்களா? இல்லை. இரண்டு மணி நேரம் எங்கே உட்காருவது? பெரிய ஆஸ்பத்திரி என்றால் அவர்களே நடத்தும் கேன்டீனில், அவர்கள் வைத்த விலையில், நெய் மிதக்கும் பொங்கலுக்கு எதிரில். அரசு ஆஸ்பத்திரி என்றால் வேப்பமரத்தடியில். அங்கே பெஞ்சு உண்டு, நாய் படுத்திருக்கும்.

இதற்கெல்லாம் சட்டசபையில் மசோதா வேண்டாம். கவுன்டர் கண்ணாடியில் ஒரு ஏ4 தாள் போதும்: "தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி, பால், ஜூஸ், பீடி வேண்டாம். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்னாடியே கேளுங்கள். உங்கள் பரிசோதனைக்குப் பட்டினி தேவையா என்று எங்களிடம் கேளுங்கள். தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள்." கம்ப்யூட்டரில் அடிக்கப் பத்து நிமிடம், பிரின்ட் எடுக்க ரெண்டு ரூபாய். கண்ணாடியில் இடமில்லை என்பார்கள். உண்மைதான். "முழு உடல் பரிசோதனை, பாதி விலை, இன்றே கடைசி" என்ற ஸ்டிக்கர் கண்ணாடி முழுக்க அடைத்திருக்கிறது, இரண்டு வருஷமாக. அதை உரித்துவிட்டு ஒட்டுங்கள்.