இயங்குதள மேம்பாடும் இல்லத்து இசைப்பதிவும்: ஒரு சாஸ்திரீய விசாரணை

பல்லவியோடு நின்றுபோன பாட்டுகளின் தொகையை இதுகாறும் எவரும் கணக்கெடுத்தாரில்லை. எனினும், படுக்கையறையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டரும் மைக்கும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு இசைப்பதிவு செய்கிற கிருகஸ்தர் ஒருவரை நிறுத்தி, ‘போன வருஷம் தொடங்கிய அந்தப் பாட்டு என்ன ஆயிற்று?’ என்று விசாரித்தால், தொண்டை கெட்டது என்றோ கற்பனை வற்றியது என்றோ அவர் சொல்வது அபூர்வம். ‘அப்டேட் போட்டேன் சார், எல்லாம் போச்சு’ என்பதே அவர் வாக்குமூலம். இவ்வாக்குமூலத்தின் பிராமாணியத்தைப் பரிசோதிப்பதே இங்கு நாம் மேற்கொண்ட காரியம்.

முதலில் ரோகத்தின் காரணத்தை நிச்சயிக்க வேண்டும். இசைப்பதிவுக் கம்ப்யூட்டர் என்று நாம் ஒருமையில் வழங்கும் வஸ்து உண்மையில் ஒன்றன்று. இயங்குதளம் ஒரு நிறுவனத்தின் சிருஷ்டி. மைக்கின் ஒலியை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேறொருவருடையது. அவ்விரண்டுக்கும் நடுவே தூது போகும் டிரைவரை எழுதியவர் அநேகமாக அந்த வேலையை விட்டே போய்விட்டவர். பதிவு செய்யும் மென்பொருள் மற்றொருவர் கைவண்ணம். அதற்குள் பியானோவாகவும் தபலாவாகவும் எதிரொலியாகவும் குடியிருக்கும் ப்ளக்இன்களோ பல தேசங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. அவற்றின் உரிமத்தைக் காவல் காக்க யுஎஸ்பி துளையில் செருகிய சிறு சாவி ஒன்று வேறு. இவர்கள் ஒவ்வொருவரும், ஏனையோர் மாறமாட்டார்கள் என்ற விசுவாசத்தின் பேரில் தத்தம் காரியத்தை முடித்து வைத்தவர்கள்.

இதோடு காலத்தின் உபாதியும் சேர்கிறது. கடிதம் எழுதுகிறவருக்கு எழுத்தொன்று திரையில் கண்ணிமைப் பொழுது பிந்தி விழுந்தால் நஷ்டம் ஏதுமில்லை; பாடுகிறவர் நிலைமை அப்படியன்று. நொடிக்கு 44,100 மாதிரிகளாக அறுக்கப்படும் ஒலியை 128 மாதிரிகள் கொண்ட பஃபரில் நிரப்பி அனுப்பும்போது, ஒரு பஃபருக்கு உரிய காலம் 3 மில்லி நொடிக்குச் சற்றே குறைவு. காற்றில் ஒலி ஏறத்தாழ ஒரு மீட்டர் நடக்கும் நேரம் அது. பஃபரை 1024 ஆக உயர்த்தினாலோ 23 மில்லி நொடி. அதாவது நம் குரலை எட்டு மீட்டர் தள்ளி நின்று நாமே கேட்கிற விபரீதம். ஆகவே பாடகர் சிறிய பஃபரையே நாடுகிறார். அந்தச் சிறிய அவகாசத்துக்குள், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தோடு புதிய இயங்குதளம் பிராசசரைச் சற்றுத் தூங்கவைத்தாலும், வைஃபை டிரைவர் அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொண்டாலும், தம்புராவின் நடுவே ‘டப்’ என்றொரு சப்தம் பிறக்கிறது. அதன் பிறகு பாட்டு நின்று, ‘டப்’பின் மூலம் தேடும் படலம் ஆரம்பமாகிறது.

சரித்திரத்தைப் பார்ப்போம். 1985-ல் வெளிவந்த அட்டாரி எஸ்டி என்னும் கம்ப்யூட்டர் இசைக்கருவிகளை இணைக்கும் மிடி துளைகளை உடம்பிலேயே கொண்டு பிறந்தது. அதன் இயங்குதளம், ஆரம்ப காலத்து இயந்திரங்கள் நீங்கலாக, ரோம் சில்லில் பொறிக்கப்பட்டிருந்தமையால், ராத்திரி தூங்கி எழுவதற்குள் தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளும் துர்ப்பாக்கியம் அதற்கு இருந்ததில்லை. 2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது, பழைய மேக்குகளில் மிடிக் கருவிகளை மேய்த்து வந்த ஓஎம்எஸ் என்னும் மென்பொருள் அக்கரை சேரவில்லை. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவில் ஒலிப்பாதை அடிமுதல் திருத்தி எழுதப்பட்டது. அதனால் 2014 ஏப்ரல் 8 அன்று அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது என்று பிரகடனம் ஆன பின்னும், அதை விடாமல் பற்றி நின்ற பதிவாளர்கள் உண்டு. ஆயினும் பெரும் பிரளயம் என்று சொல்லத் தக்கது 2019 அக்டோபர் 7 அன்று வெளிவந்த மேக் ஓஎஸ் கேட்டலினாதான். 32-பிட் நிரல் ஒன்றும் இனி ஓடாது என்று அது தீர்மானித்துவிட்டது. பழைய பாட்டின் கோப்பு திறந்தது. ஸ்வரங்கள் அனைத்தும் வரிசை குலையாமல் இருந்தன. பியானோ இருந்த இடத்தில் மட்டும் ‘ப்ளக்இன் கிடைக்கவில்லை’ என்னும் அறிவிப்பு. சரீரம் அழிந்தும் ஸ்வரங்கள் எஞ்சி நிற்கும் இந்த நிலையைச் சங்கீத சாஸ்திரங்கள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. 2020 நவம்பரில் மேக்கின் பிராசசரே மாறியது. 2025-ல் மேக் ஓஎஸ்ஸின் டஹோ என்னும் பதிப்பு ஃபயர்வயர் இணைப்பைக் கைவிட, திடகாத்திரமான இன்டர்ஃபேஸ்கள் பல, காகிதம் பறக்காமல் வைக்கும் உத்தியோகத்துக்கு மாறின.

இங்கே பூர்வபட்சி எழுந்து, ‘யார் இவர்களை மேம்படுத்தச் சொன்னது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எவரும் இயங்குதளத்தின் மீது மோகம் கொண்டு மேம்படுத்துவதில்லை. இலவசமாகக் கிடைத்த ஓர் எதிரொலி ப்ளக்இன், பதிவு மென்பொருளின் புதிய பதிப்பைக் கேட்கிறது. அது புதிய இயங்குதளத்தைக் கேட்கிறது. இயங்குதளம் பழைய டிரைவரைத் தள்ளிவிடுகிறது. டிரைவர் போனபின் இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டியதாகிறது. இலவசத்தின் விலை இவ்விதம் நிர்ணயமாகிறது. இதற்கு அஞ்சி இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்ட துறவிகளும் இருக்கிறார்கள். உரிமத்தைச் சரிபார்க்கும் நாள் வரும்போது அவர்களும் கிருகஸ்தாசிரமத்துக்குத் திரும்ப நேர்கிறது. விவேகிகளோ, புதிய மேக் ஓஎஸ் வெளிவந்ததும் சாதுர்மாஸ்யம் இருக்கும் சந்நியாசிகளைப் போல இருந்த இடத்தைவிட்டு அசையாமல் சில மாதங்களைக் கழிக்கிறார்கள். அக்காலத்தில் ப்ளக்இன் வியாபாரிகளே, ‘தயவுசெய்து இப்போது மேம்படுத்தாதீர்கள்’ என்று வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். புதுச்சரக்கைத் தொடாதே என்று கெஞ்சும் வியாபாரிகளை வேறெந்தக் கடைத்தெருவிலும் காண்பது அரிது.

இனிச் சித்தாந்தம். மேம்பாடு பாட்டைக் கெடுக்கிறது என்பது உலக வழக்கு. பாட்டுக்காரரை ரட்சிக்கிறது என்பதே நம் துணிபு. டிரைவரை நீக்கி, மறுபடி நிறுவி, உரிமங்களை ஒவ்வொன்றாக மீட்டு, பஃபரை ஏற்றி இறக்கிப் பார்க்கும் சாயங்காலங்களில், அவர் மெய்யாகவே உழைக்கிறார். அதேசமயம் சரணத்துக்கு மெட்டு வரவில்லை என்ற உண்மையை எவருக்கும், தமக்கேகூட, சொல்ல வேண்டிய அவசியம் நேர்வதில்லை. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கும் அதே பல்லவியை மறுபடி கேட்கும் தண்டனை தள்ளிப்போகிறது. தர்க்க சாஸ்திரத்தில் சொல்லும் அன்வய வியதிரேக முறையால் இதை நிறுவலாம். மேம்பாடு உள்ள இடத்தில் பாட்டு முடியாமை உண்டு. இது அன்வயம், முன்பே காட்டப்பட்டது. மேம்பாடு இல்லாத இடத்தில் பாட்டு முடிந்துவிடும், இது வியதிரேகம். இதற்குத் திருஷ்டாந்தம், 1982-ல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் உள்ள வாடகை வீட்டில் டியாக் 144 என்னும் நாலு டிராக் கேசட் கருவியில் ஒத்திகைக்காகப் பதிந்த பாடல்கள். அந்தக் கருவிக்கு இயங்குதளம் கிடையாது. கேட்க உரிமம் கிடையாது. குற்றம் சாட்ட டிரைவரும் கிடையாது. வேறு வழியின்றி அவர் பாடி முடித்துவிட்டார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் முயன்றும் திருப்தி ஏற்படாமல், அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஓர் ஆட்சேபம் மட்டும் எஞ்சுகிறது. கேபிளைப் பிடுங்கி, பழைய இயங்குதளத்தைப் பத்திரமாகக் காத்து, ‘டப்’ சப்தம் சிறிதுமின்றி இயந்திரத்தைப் பரிபூரண ஆரோக்கியத்தில் வைத்திருந்தும், பாட்டு ஒன்றும் முடிக்காதவர்கள் உண்டு. அத்தகைய அன்பர் ஒருவரை அணுகிக் காரணம் கேட்டோம். சிஸ்டத்தில் குறை ஏதும் இல்லை என்றும், புதிதாக ஒரு நாற்காலிக்குச் சொல்லியிருப்பதாகவும், அது வந்து சேர்ந்ததும் உட்கார்ந்துவிடப் போவதாகவும் தெரிவித்தார்.