தரங்கம்பாடி: கேள்வி உங்களது, பதில் எனது

டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியைத் தேடி வந்தார்களா, வழி தவறி வந்தார்களா? (மயிலாடுதுறை வாசகர்)

அவர்கள் குறிவைத்தது இலங்கை. போர்த்துக்கீசியரை விரட்டக் கண்டி அரசர் உதவி கேட்கிறார் என்று போஷோவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனில் ஆசை காட்டினார். 1618-ல் கப்பல்கள் கிளம்பின. ஆசை காட்டியவர் நடுவழியில் போய்ச் சேர்ந்தார்; கண்டியில் கேட்டால் கைவிரித்துவிட்டார்கள். தளபதி ஓவே யெட்டேவுக்கு அப்போது 26 வயதுகூட நிரம்பவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்ப அந்த வயசு விடுமா? தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி, 1620-ல் டான்ஸ்போர்க் கோட்டைக்குக் கால்கோள் போட்டார்.

நாயக்கர் இனாமாகவா கொடுத்தார்? (கும்பகோணம் வாசகி)

தஞ்சாவூர்க்காரரை என்னவென்று நினைத்தீர்கள்? ஆண்டுக்கு 3,111 ரூபாய் கப்பம்! டென்மார்க் அரசருக்குக் கடிதத்தை மட்டும் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி, தெலுங்கில் கையெழுத்திட்டு அனுப்பினார். கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் அது இன்றும் இருக்கிறது.

டேனிஷ் வணிகக் கம்பெனியே மறந்துபோன கோட்டை என்கிறார்களே, நிஜமா? (காரைக்கால் வாசகர்)

நிஜம். 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல் எதுவும் 1669 வரை இங்கே வந்து சேரவில்லை. சம்பளம் இல்லை, கடிதம் இல்லை, ஏனென்று கேட்க நாதி இல்லை. காய்ச்சலில் ஒவ்வொருவராகப் போக, 1655 வாக்கில் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர்: எஸ்கில் கோங்ஸ்பாக்கே. சாமானியக் குடும்பத்து ஆள். உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், வங்காளத்துக் கப்பல்களை மடக்கிப் பிடித்துக் காலம் தள்ளினார். கொடியை மட்டும் இறக்கவில்லை. கடைசியில் ஒரு கப்பல் வந்தபோது, கோட்டை இருந்த இடத்திலேயே இருந்தது; அவரையே கவர்னராக்கினார்கள். இந்த ஊர்க் கதைகளில் சினிமாவுக்கு ஒன்றே ஒன்று எடுக்கலாமென்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தானே வந்தது? (திருச்சி கல்லூரி மாணவி)

இல்லை தாயே, பரீட்சையில் அப்படி எழுதிவிடாதீர்கள். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் முதலில் அச்சேறியது 1578-ல், கொல்லத்தில். தரங்கம்பாடியின் பெருமை வேறு. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக இங்கே அச்சாகி வந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் ஆகிருதியில் பெரியவை. காகிதத்தை விழுங்கித் தள்ளின. சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். காகிதமும் போதவில்லையா? பக்கத்துப் பொறையாற்றில் ஆலையே போட்டார்கள்.

சீகன்பால்கு மதம் பரப்ப வந்தவர். அவரைத் தமிழர் ஏன் கொண்டாட வேண்டும்? (ஈரோடு வாசகர்)

வந்த வேலை அதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1706-ல் இறங்கிய அந்த 23 வயசு வாலிபர் (அன்றைக்கு மறுநாள்தான் பிறந்தநாள்), திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’ எழுதினார். இரண்டே ஆண்டில் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். சொந்தக் கட்சி டேனிஷ் தளபதியே அவரை நாலு மாதம் கோட்டைச் சிறையில் வைத்தார். நம் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். மதம் பரப்ப அனுப்பினால் இந்து தெய்வங்களை நமக்கே பரப்புகிறாரே என்று மேலிடம் அதைக் கிடப்பில் போட்டது. அச்சில் வந்தது 1867-ல், சென்னையில்! படிக்காமலே ஒதுக்குவது எல்லா ஊர் மேலிடத்துக்கும் கைவந்த கலை. 36 வயதில் மறைந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்.

சமையலறைக்கும் தரங்கம்பாடிக்கும் சம்பந்தம் உண்டா? (சிதம்பரம் வாசகி)

தாளிக்கும்போதெல்லாம் உண்டு. 1768-ல் இங்கே மருத்துவராக வந்தவர் கூனிக், லின்னேயஸின் மாணவர். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் ‘கூனிகி’ என்று ஒட்டிக்கொண்டிருப்பவர் அவரே. இலையை ஓரம் தள்ளாமல் சாப்பிடுங்கள்.

டென்மார்க் ஊரை விற்றது என்ன விலைக்கு? (நாகப்பட்டினம் வாசகர்)

1845-ல் தரங்கம்பாடி, வங்காளத்து செராம்பூர் எல்லாம் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய். மொத்த வியாபாரம்.

வாங்கிய வெள்ளைக்காரன் வளர்க்கவில்லையே, ஏன்? (அதே வாசகர்)

ரயில், ஐயா, ரயில்! 1861-ல் தண்டவாளம் நாகப்பட்டினத்துக்குப் போனது. சரக்கும் அங்கேயே போனது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-ல். 1986-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். மீண்டும் விடச் சொல்லி ஊர் கேட்பது முழு நியாயம்.

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் அதிகமாமே? நுரையீரலுக்கு நல்லதாமே? (சேலம் வாசகர்)

யார் கிளப்பிவிட்டதோ! வானத்து உச்சியில் ஓசோன் நமக்குக் குடை. மூக்கருகே வந்தால் நுரையீரலுக்குப் பகை. கடல் வாசனைக்குக் காரணம் பாசியிலிருந்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு கந்தகச் சேர்மம். காற்று சுகமாக இருக்கிறதா, வாங்குங்கள். அதற்கு வேதியியல் சர்ட்டிபிகேட் எதற்கு?

ஊரில் டேனிஷ் கட்டடம் தவிரப் பார்க்க ஒன்றுமில்லையா? (கோவை வாசகி)

டேனிஷ்காரரின் முப்பாட்டன் பிறக்கும் முன்பே, 1306-ல், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலோரம் நிற்கிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கல் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். கோட்டை முன் செல்பி எடுத்த கையோடு திரும்புகிறவர்களே, வடக்கே நாலு எட்டு நடங்கள்!

சுனாமிக்குப் பிறகு அங்கே போகவே பயமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தரங்கம்பாடி மீனவர் தெருக்கள் அதில் கொடுத்தது கொஞ்சமல்ல. அவர்கள் மறுபடி அதே கடலுக்குத்தான் படகைத் தள்ளினார்கள். நீங்கள் போய் ரெண்டு நாள் தங்கி, அவர்களிடம் மீன் வாங்கிச் சாப்பிடுவது அந்த ஊருக்குச் செய்யும் நல்ல காரியம்.

ஊர் வாசலில் இருக்கும் பெரிய கதவு எந்தக் காலத்தது? (விழுப்புரம் வாசகர்)

இப்போதுள்ள நிலவாயில் 1792. அதற்குள் நுழைந்தால் ராஜா வீதி. வண்டியை வெளியே விட்டு நடந்து போங்கள். கடல் தானாக எதிரே வரும்.

தாத்தா வீடு தரங்கம்பாடியில் இருக்கிறது. திண்ணை, மரத்தூண், ஓடு எல்லாம் உண்டு. இடித்து லாட்ஜ் கட்டினால் லாபம் என்கிறார் மைத்துனர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

மைத்துனருக்கு வேறு வேலை கொடுங்கள். லாட்ஜ் எந்த ஊரிலும் கிடைக்கும். இந்தத் திண்ணை எங்கும் கிடைக்காது. வெளியூர்க்காரர் இங்கே வருவதே அதைப் பார்க்கத்தான். இன்டாக் அமைப்பு இந்த ஊரிலேயே பழைய வீடுகளைப் பழுது பார்த்து நிமிர்த்தியிருக்கிறது. போய்ப் பாருங்கள், கேளுங்கள். ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்: சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமெண்ட் பூசவிடாதீர்கள். ஈரம் உள்ளே சிக்கி, உப்புக் காற்றில் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். இன்னும் இருக்கிறார்கள்.