கலைஞர்களைப் பெற்ற வயிறு

சனிக்கிழமை காலையில் தலவாக்கலை பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்றால் இவரைப் பார்த்துவிடலாம். ஒரு கையில் மரக்கறிப் பை. மற்றக் கையில் சுருட்டிய டிமைத் தாள். மழை தூறிக்கொண்டிருக்கும். குடை தாளின் பக்கம் சாய்ந்திருக்கும், இவர் நனைந்துகொண்டு நிற்பார். யாராவது கேட்டால், "புள்ளைக்கு ஸ்கூல்ல கேட்டாங்களாம்" என்பார். ஸ்கூலில் யாரும் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

சென் கிளயர், டெவன், மிடில்டன், வட்டகொடை, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்துக்கு ஒருவராவது இந்த ரக அம்மா இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெண் பிள்ளைகள் இரண்டோ மூன்றோ. நாம் மூன்று என்றே வைத்துக்கொள்வோம், அப்போதுதான் சேதாரம் முழுதாக விளங்கும். மூத்தவள் ஏ.எல் படிக்கிறாள், கவிஞர். நடுவள் ஓ.எல், ஓவியர். கடைக்குட்டி ஒன்பதாம் ஆண்டு. அவள் என்னவாகப் போகிறாள் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆட்டம், பாட்டு, நடிப்பு, ஒப்பனை, டைரக்ஷன் எல்லாம் தற்காலிகமாக அவள் கையில். அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து மகள்களின் படைப்புகளை வரிசையாகப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே விமர்சனம் சொல்லிவிட்டு ரயிலேறுவார். இஸ்தோப்பில் அப்பாயி, அதாவது இந்த அம்மாவின் மாமியார், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெற்றிலை இடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு எதுவும் நல்லாயில்லை.

ஊருக்குப் பக்கத்திலேயே, சென் கூம்ஸில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய நிலையம். அங்கே உருவாக்கிய வீ.பி. தேயிலை மலைமலையாக நிற்கிறது. ஒரே தாய்ச்செடியில் கிள்ளி நட்டால் ஆயிரம் செடியும் அச்சாகத் தாயைப் போலவே வரும், ஒரே மட்டத்தில் தளிர்க்கும், எடுக்க லேசு. இந்த அம்மாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு ஏக்கம். "எனக்கு வாச்சதெல்லாம் பழைய வெதத் தேயில. ஒன்னு மாதிரி ஒன்னு இல்ல. எது எந்தப் பக்கம் கெளைக்கும்னு கவ்வாத்துக் கத்திக்கே தெரியாது" என்பார். குறை சொல்லும் குரல்தான். ஆனால் மலையில் பக்கத்து நிரையில் நிற்பவருக்குக் கேட்கும்படி சொல்வார்.

நடுவளின் சாயப் பட்டறை குசினி. நாட்கூலி 2021இல்தான் ஆயிரம் ரூபாயைத் தொட்டது, 2024இல் 1,350 ஆனது. நல்லதாக ஒரு வாட்டர்கலர் பெட்டி வாங்கப் போனால் ஒரு நாள் கொழுந்து அப்படியே அந்தப் பெட்டிக்குள் போய்விடும். ஆகவே உள்நாட்டு உற்பத்தி. கபில நிறத்துக்குத் தேயிலைச் சாயம், சிவப்புக்கு பீட்ரூட், வானத்துக்கு ஸ்கூல் சட்டைக்குப் போடும் நீலம். மஞ்சளுக்கு மஞ்சள்தான். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, 2020இல் மஞ்சள்தூள் கடத்தல் சரக்காகிக் கடற்படை பிடித்துக் காட்டிய காலம் ஞாபகமிருக்கும். அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளை, அன்றைக்கு அவளுக்குப் பத்துப் பதினொரு வயது, கிரேட் வெஸ்டர்ன் மலைக்கு மேலே சூரியோதயம் வரைந்தாள். அந்த மாதம் பூராவும் வீட்டில் பருப்பு வெளிறிப்போய் வெந்தது. அப்பாயி ஒரு கவளம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் சூரியன் இங்க உதிக்கல" என்றார்.

சாயத்தைவிடப் பெரிய வம்பு மாடலுக்கு நிற்பது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறார். இடுப்பில் படங்கு நனைந்து கனக்கிறது, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு. தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போனவரை நடுவள் இஸ்தோப்பில் மறிக்கிறாள்.

"அம்மா, கூடைய மறுபடி போட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் நில்லுங்க."

"எதுக்குடி?"

"உழைக்கும் பெண். போட்டித் தலைப்பு."

"ஒழைச்சுட்டுத்தானடி வாரேன்."

"வரையிறதுக்கும்மா. அசையக் கூடாது."

"அரைப் பேரா, முழுப் பேரா?"

செக்ரோலில் பேர் விழாத வேலையை இந்த அம்மா வீட்டுக்கு வெளியே செய்வதில்லை. வீட்டுக்குள் செய்வதெல்லாம் அந்த வேலைதான் என்பது வேறு கதை. கூடையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்துக் காம்பிராக்காரி வந்து என்னவென்று கேட்கிறார். எதிர் லயத்துப் பையன்கள் வந்து நிற்கிறார்கள். கேத்தலில் தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிந்து புகை கிளம்புகிறது, அசையக் கூடாது. படம் முடிந்ததும் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறார். அவருடைய விமர்சனத்தை எந்த ஓவியக் கல்லூரியிலும் கேட்க முடியாது.

"என்னா இவ சிரிக்கிறா? கங்காணி பின்னால நிக்கையில யாருடி சிரிப்பா? தேயிலப் பக்கெட்டுல இருக்கிறவதான் சிரிப்பா, அவளுக்கு வேற சம்பளம். கயிறு உச்சந்தலையில வரணும், நீ நெத்தியில போட்டிருக்க, அப்பிடிப் போட்டா கழுத்து போயிரும். விரலு ரெண்டும் கொழுந்தத் தொடுது, சரி. கட்ட விரலு என்னா பண்ணுது? வேடிக்க பாக்குதா?"

நடுவள் கட்டைவிரலைத் திருத்தினாள். சிரிப்பை எடுத்துவிட்டாள். படத்துக்கு வலயத்தில் பரிசு கிடைத்தது. இரண்டாவது படத்தைத் திருத்தச் சொல்லி அம்மாவிடம் அவள் போகவில்லை. பரிசும் கிடைக்கவில்லை.

இந்த அம்மாவுக்கு இயற்கைக் காட்சி என்றால் அவ்வளவாக மதிப்பில்லை. சென் கிளயர் நீர்வீழ்ச்சியை நடுவள் ஒரு தடவை அகலமாக, நுரை பொங்க வரைந்திருந்தாள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து தலவாக்கலை ஊரோரத்திலேயே அணை. ஆற்றுத் தண்ணீர் சுரங்கத்துக்குள் போய் 150 மெகாவாட் மின்சாரமாகிறது. அருவிக்கென்று பகல் வேளையில் மட்டும் ஓர் அளவு தண்ணீர் திறந்துவிட ஏற்பாடு. அம்மா படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு தண்ணியெல்லாம் இப்ப இல்ல. அதுவும் நம்மள மாதிரி காலையில பெரட்டுக்கு வந்துட்டு அந்திக்கு வீட்டுக்குப் போயிருது." மின்சாரத் திட்டம் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், இப்படி ஒரு வரியைப் பார்த்ததில்லை.

இந்த மாதிரி வரிகள்தான் மூத்தவளின் முதலீடு. அவள் கவிதைக்காக மலையையும் மேகத்தையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர்மார் நினைக்கிறார்கள். அவள் காது குசினிப் பக்கம் இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டி என்று ஒன்று இலங்கைப் பள்ளிக்கூடங்களில் உண்டு. பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை வரை போகும். கவிதை ஆக்கத்தில் மூத்தவள் வலயம் வரை ஏறினாள். அம்மா ஒரு நாள் வேலையை விட்டு, நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் அரைத்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் வாந்தியெடுக்கும் கடைக்குட்டியையும் இழுத்துக்கொண்டு நுவரெலியா போனார். மேடையில் அறிவிப்பாளர், "அடுத்து, கலைத்தாயின் தவப்புதல்வி" என்று மூத்தவளின் பெயரைச் சொன்னார். பின் வரிசையில் இருந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "அது யாருங்க நடுவுல?"

அதற்குப் பிறகுதான் விபரீதம். மூத்தவள் கவிதையை வாசிக்க, வரிக்கு வரி அம்மாவுக்கு வியர்க்கிறது. கூடையில் ஓட்டை விழுந்தால் தைத்துவிடலாம், புத்தியில் ஓட்டை விழுந்தால் எந்த ஊசியால் தைப்பது என்கிறது ஒரு வரி. மழைக்கு ஒதுங்கியவள் மாதிரி வீட்டில் இராதே என்கிறது இன்னொன்று. எல்லாம் போன கிழமை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகச் சொல்லி ஏசியது. "நான் ஏசுனதுல்ல அது!" நடுவர், உவமைகள் மண்ணிலிருந்தே முளைத்திருக்கின்றன என்று பாராட்டினார். "மண்ணுல எங்க மொளைச்சிச்சு, என் வாயில மொளைச்சிச்சு" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். சான்றிதழில் அவர் பெயர் இல்லை. என்னைக் கேட்டால் பாதியாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து மூத்தவள் கையில் பேனை இருந்தால் அம்மா ஏசுவதில்லை. ஏச வேண்டியிருந்தால் முதலில், "பேனைய வை" என்பார்.

கடைக்குட்டியின் கலைக்குக் காரணம் கொரோனா. 2020இல் பள்ளிக்கூடங்களை மூடி, பாடமெல்லாம் ஃபோனில் என்றபோது தவணைக்கு ஒரு ஃபோன் வாங்கினார்கள். லயத்தில் சிக்னல் இல்லை. மேட்டில் ஒரு கல்லின் மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். அந்தக் கல்லில் ஏறிப் பாடம் படித்த பிள்ளை பாடம் முடிந்த பிறகும் இறங்கவில்லை. இன்றைக்கு அந்தக் கல் அவளுடைய ஸ்டூடியோ. தேயிலை நிரைக்கு நடுவே டிக்டொக் ஆடுகிறாள், பின்னணியில் அம்மா கொழுந்தெடுப்பது அம்மாவுக்கே தெரியாமல் பதிவாகிறது. "மக வீடியோவுல ஒங்களப் பாத்தேன், கொழுந்து கம்மியா இருந்திச்சே" என்று கணக்கப்பிள்ளை சொன்ன அன்றைக்கு வீட்டில் பெரிய ரகளை.

ஆனால் காமன் கூத்து விவகாரத்தில் நடந்தது வேறு. மாசி மாதம் தோட்டத்தில் காமன் நட்டுக் கூத்து நடக்கும். ரதி வேஷம் வழிவழியாக ஆண்கள் கட்டுவது. கடைக்குட்டி, தானே ரதி கட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் அம்மா அவளை விளாசினார். "வெரதம் இருக்கணும்டி, விடியக்காலையில குளிக்கணும். நீ ஸ்கூல் பஸ்ஸே பிடிக்க மாட்டிய!" பிள்ளை, ஸ்கூலில் படித்ததை எடுத்துவிட்டாள்: தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் அந்தக் காலத்திலேயே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினாராம். "அந்தம்மா கணக்குப் பாடத்துல எவ்வளவு எடுத்தாங்கன்னு கேட்டியா?" என்று அம்மா மடக்கினார். மறுநாள் கோயில் கமிட்டிக்காரர், பொம்பளைப் பிள்ளை ரதி கட்டுவது வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பியபோது இதே அம்மா இடுப்பில் படங்கோடு போய் நின்றார். "எம் மகளால முடியாதுன்னு நான் சொல்லலாம். நீங்க எப்பிடிச் சொல்றது? போன வருஷ ரதிக்கு மீசை எட்டிப் பாத்துச்சே, அது வழக்கமா?" கமிட்டி கூடிப் பேசி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது. உலகத்துக் கமிட்டியெல்லாம் சொல்வதுதான்.

ஒப்பாரி சமாச்சாரத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் நிறையாது.

வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. கவிஞர், 1947இல் இதே தலவாக்கலைத் தொகுதியின் எம்.பி. மலைநாட்டு மக்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டிப் புத்தகமாக்கியவர். மூத்தவளின் டீச்சர், அவரைப் போல நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பாட்டுச் சேகரியுங்கள் என்று சொல்லிவிட்டார். தாலாட்டு கிடைத்தது. கும்மி கிடைத்தது. ஒப்பாரிக்கு வந்தபோது அம்மா கையை உதறினார். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது, ஆகாது.

மூத்தவள் விடவில்லை. வீட்டில்தானே கூடாது? பீலிக்கரைக்குப் போனால்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் அழுக்குத் துணி மூட்டையோடு பீலிக்குப் போனார்கள். தன் தாய் இறந்தபோது பாடியதை அம்மா அடிக்குரலில் தொடங்கினார். இரண்டு அடி மெதுவாகத்தான் போனது. மூன்றாவது அடியில் தாயின் ஞாபகம் வந்துவிட்டது. குரல் தானாக எழும்பி, பள்ளத்தில் மோதி, மேல் லயம், கீழ் லயம், கோயிலடி எல்லாம் போய்ச் சேர்ந்தது. தலைக்குப் பாதி எண்ணெய் வைத்திருந்தவர் பாதியோடு ஓடி வந்தார். ஒருவர் கையில் ரொட்டிக்குப் பிசைந்த மா. வந்தவர்கள் யார், என்ன என்று கேட்கவில்லை. கேட்பது முறையில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கள் பங்குக்குப் பாடத் தொடங்கிவிட்டார்கள். மூத்தவள் எழுதுகிறாள், எழுதுகிறாள், கை போதவில்லை. நடுவள் ஒரு பிரிஸ்டல் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே குந்திக்கொண்டாள். தப்படிக்கிற அண்ணன் தப்பைச் சூடு காட்ட ஓலை தேடிப் போய்விட்டார்.

வீட்டில் வயதானவர் ஒருவர்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆகவே அப்பாயியே கோலை ஊன்றிக்கொண்டு பீலிக்கு இறங்கி வந்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் அலறினார்கள். அப்பாயி அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. "மாமியாளுக்குப் பாடுற பாட்டு இது இல்ல. இது தாய்க்குப் பாடுறது. தள்ளு, எனக்கு எப்பிடிப் பாடணும்னு நானே சொல்லித் தாரேன்" என்று கல்லில் உட்கார்ந்தார்.

அதற்குள் செய்தி மலை இறங்கிக் கொழும்புக்கும் போய்விட்டது. மேட்டுக் கல்லில் நடனம் பதிவு செய்துகொண்டிருந்த கடைக்குட்டிக்கு அப்பாவின் கோல் வந்தது. அவள் ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையில் அழுதுகொண்டு ஓடி வந்தாள். அந்த அழுகையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஒத்திகை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மா ஃபோனை வாங்கினார். கோடு இரண்டிலிருந்து ஒன்றாகி, குரல் விட்டுவிட்டு வந்தது. "அம்மா... எப்ப?"

அவர் ஒன்றும் பேசாமல் ஃபோனை மாமியாரிடம் நீட்டினார்.

"எப்பன்னு நானே இன்னும் முடிவு பண்ணல" என்றார் அப்பாயி. "தீவாளிக்கு வரையில நல்ல வெத்தலையாப் பாத்து வாங்கிட்டு வா."