வாடகை வீட்டுக்கு யாருடைய மின்சாரம்?

கேள்வி: ஆந்திரப் பிரதேசத்தின் குப்பம் நகரில் வாடகைக்குக் குடியிருப்பவர் மின்சார நிறுவனத்தைத் தாமே தேர்ந்தெடுக்க முடியுமா?

பதில்: முடியாது, வீட்டுக்காரராலும் முடியாது; அந்தப் பகுதி வீடுகளுக்கு மின்விநியோகர் ஒருவர்தான். குப்பத்தில் மின்விநியோகம் வளர்ந்தது கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக. பிரிட்டனில் மின்கட்டணத்தைத் தாமே செலுத்தும் வாடகைதாரர் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். இங்கே சமையல் சிலிண்டரில்தான் இண்டேன், பாரத், எச்.பி. என்ற தேர்வு உண்டு.

ஆனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய உரிமை ஒன்று வாடகைதாரருக்கு இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் மின் இணைப்புக் கேட்கலாம். வீட்டுக்காரர் தடையின்மைச் சான்று தர மறுத்தார் என்பதற்காக இணைப்பை மறுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டுமே மின்துறை பார்க்க வேண்டும்.