சொலிடாகோ பைகலர்: நிற இலக்கணத்துக்கு ஒரு புறனடை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஓக் மரங்கள் நிற்கும் வறண்ட காடுகளில் கோடைக் கடைசி முதல் அக்டோபர் வரை பூக்கும் கோல்டன்ராட் செடிகளை இனங்காணும் முறை ஈண்டு ஆராயப்படும். சொலிடாகோ எனும் இப்பேரினத்துள் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் அதனினும் மிகுதி என்க.

சொலிடாகோ சீசியா: இலைக்கக்கந்தோறும் பூங்கொத்து உடையது. 1753இல் லின்னேயஸ் பெயரிட்டார். சண்டை எழவில்லை, எனவே எழுத ஒன்றுமில்லை.

சொலிடாகோ ஓடோரா: இலையைக் கசக்கினால் சோம்பு மணக்கும். மூக்குள்ள எவரும் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் ஆய்வுலகில் இதற்கு மதிப்பில்லை.

சொலிடாகோ பைகலர்: இதுவே நம் பொருள். மயிரடர்ந்த தண்டு, கதிர்போல் ஒடுங்கிய பூந்தொகுதி. ஆனால் ஓரப்பூக்கள் வெள்ளை! "வெளுத்தது எங்ஙனம் கோல்டன்ராட் ஆகும்?" எனின், நடுப்பூக்கள் வெளிர்மஞ்சள் ஆகலின் ஆகும் (தேனீ, வாய்மொழித் தகவல்). அத்தேனீ நுனிக்கொத்தை மட்டுமே பார்த்தது என மறுப்பர் ஒருசாரார் (எறும்பு, கருத்தரங்க உரை, தேநீர் இடைவேளைக்குப் பின்). அற்றன்று, எறும்புக்கும் தேனீயின் நெறியாளருக்கும் பதவி உயர்வில் பழைய பகை உண்டு (மேற்படி தேனீ, திருத்திய இரண்டாம் பதிப்பு, மூன்றாம் இலையின் பின்பக்கம், மழையில் அழிந்த பகுதி, ஆசிரியர் பெயராக நெறியாளரையும், நன்றியுரையின் கடைசி வரியில் தேனீயையும் காண்க).

இனி, எல்லாம் இவ்வாறே இருந்து ஓரப்பூவும் மஞ்சளாயின் அது சொலிடாகோ ஹிஸ்பிடா. அதைத் தனி இனம் என்பாரும், பைகலரின் ஒரு வகையே என்பாரும் உளர். இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்து, இரண்டு முறையும் நிதி பெற்றாரே அறிஞர்.

தும்மலை இனங்காணும் சான்றாகக் கொள்வது வழு. கோல்டன்ராட்டின் மகரந்தம் கனமும் பிசுபிசுப்பும் உடையது, பூச்சிகளால் செல்வது. காற்றில் பறந்து நம் மூக்கில் ஏறுவது அதே பருவத்தில் பூக்கும் ராக்வீட். அதன் பூ பச்சையாய், கண்ணில் படாமல் இருப்பதால் பழி பளிச்சென்று தெரியும் செடிமேல் விழுந்தது.

அழுத்தி உலர்த்திய மாதிரியில் நிறம் மங்கினால் பைகலரையும் ஹிஸ்பிடாவையும் பிரித்தறிவது கடினம். ஆகவே வாசகர்காள், செடியைத் தாளிடை வைக்குமுன் ஓரப்பூவின் நிறத்தை ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். தவறினால் அதன்மேல் ஒருவர் முனைவர் பட்டம் வாங்கிவிடுவார்.