ஒரே நாட்டை நம்பி வாங்குவது எப்படி?

ஓசூர்ப் பக்கம் மின் ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்கிறீர்கள். அதற்கான நியோடிமியம் காந்தம் சீனாவிலிருந்து வருகிறது. ‘சோர்சிங் ரிஸ்க் என்ன என்று ஒரு ரிப்போர்ட் கொடுங்கள்’ என்று எம்.டி. கேட்டிருக்கிறார். பதறாதீர்கள். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.

1. முதலில் பர்ச்சேஸ் ஆர்டரைப் போடுங்கள். பிறகு ரிஸ்க்கை ஆராயுங்கள். வரிசையை மாற்றினால் ஆராய்ச்சியில் ஏதாவது கிடைத்துத் தொலைக்கும்.

2. எக்செல்லைத் திறந்து சீனாவுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். பச்சை கொடுத்தால் ஆடிட்டர் சிரிப்பார். சிவப்பு கொடுத்தால் ‘என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்பார். மஞ்சளைப் பார்த்து இதுவரை யாரும் எதுவும் செய்ததில்லை.

3. எல்லாவற்றையும் ரூபாயில் மட்டும் எடைபோடுங்கள். தாமிரக் கம்பிக்கும் அலுமினியத்துக்கும் பெரிய பில் வருகிறது, அவை ‘ஏ’ கிளாஸ். காந்தம் கட்டைவிரல் அளவுத் துண்டு, ‘சி’ கிளாஸில் தள்ளுங்கள். அது இல்லாமல் மோட்டார் சுற்றாது என்று எழுத ஷீட்டில் கட்டம் இல்லை. புதிதாக ஒன்றைச் சேர்த்து ஃபார்மட்டைக் கெடுக்காதீர்கள்.

4. ‘ஒரே சப்ளையரா?’ என்று கேட்பார்கள். இரண்டு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: சீனாவின் நிங்போவில் ஒரு ஃபேக்டரி, புனேயில் ஒரு டிரேடர். புனேக்காரர் அனுப்பும் அட்டைப்பெட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டாதீர்கள். அடியில் நிங்போ முகவரி இருக்கும், மனசு கஷ்டப்படும்.

அதற்கும் பின்னால் போகவே கூடாது. காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம் என்னும் அரிய மண் உலோகத்தைச் சேர்க்கிறார்கள். அதன் தாதுவில் கணிசமான பங்கு மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து சீனாவுக்குப் போகிறது. அங்கே பாங்வா சுரங்கப் பகுதியை 2024 அக்டோபரில் கச்சின் கிளர்ச்சிப் படை பிடித்துவிட்டது. உங்கள் பில்லில் ‘சீனா’ என்றுதானே இருக்கிறது? மியான்மருக்கு எதற்குத் தனி வரி?

5. பழைய கதைகளைக் கேட்காதீர்கள். 2010 செப்டம்பரில் செங்காகு தீவுகள் அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. அதைத் தொடர்ந்து ஜப்பானுக்கு அரிய மண் உலோகங்கள் வருவது தடைப்பட்டது. தடை எதுவும் போடவில்லை என்றது பெய்ஜிங். ஜப்பானியர் அதை நம்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மாறாக, 2011இல் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் சுரங்க நிறுவனத்தில் பணம் போட்டார்கள். டிஸ்ப்ரோசியம் குறைவாகத் தேவைப்படும் காந்தம் செய்யக் கற்றார்கள், கையிருப்பும் சேர்த்தார்கள். வேலையில்லாதவர்கள்.

6. கையிருப்பைக் குறையுங்கள். ஒரு வாரச் சரக்கு போதும். குடோனில் காந்தம் கிடந்தால் ஃபைனான்ஸ் மேனேஜருக்குத் தூக்கம் வராது. லைன் நின்றால் தூக்கம் வராதவர் புரொடக்ஷன் மேனேஜர், அவர் வேறு டிபார்ட்மென்ட்.

7. 2025 ஏப்ரல் 4 வந்தது என்று வையுங்கள். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு உலோகங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்த நாள். இப்போது ஆச்சரியப்படுங்கள். ‘யாராலும் ஊகித்திருக்க முடியாது’ என்று மெயில் போடுங்கள், எல்லோரையும் சி.சி.யில் வையுங்கள்.

பிறகு இறுதிப் பயனாளர் சான்றிதழ் என்னும் தாளை நிரப்புங்கள். ஸ்கூட்டருக்குத்தான், ராணுவத்துக்கு இல்லை என்று உறுதிமொழி கொடுங்கள். இந்திய அரசின் ஒப்புதல், தில்லியிலுள்ள சீனத் தூதரகத்தின் ஒப்புதல், பின்பு சப்ளையர் வழியாகப் பெய்ஜிங் வணிக அமைச்சகம். தினமும் காலையில் சப்ளையருக்கு வீசாட்டில் ‘எனி அப்டேட்?’ என்று கேளுங்கள். அவர் ஒரு கும்பிடு பொம்மை அனுப்புவார். அதை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் ‘ஃபாலோ அப் நடக்கிறது’ என்று எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த மே மாதம் ஃபோர்டே காந்தம் கிடைக்காமல் சிகாகோவில் எக்ஸ்ப்ளோரர் கார் தயாரிப்பை ஒரு வாரம் நிறுத்தியது.

8. போர்டு மீட்டிங்கில் தேசப்பற்றைக் காட்டுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘இந்த மணலில் அரிய மண் தாதுவான மோனசைட் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். இருக்கிறதுதான். மணலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஆக்சைடு, உலோகம், கலவை, சின்டரிங் என்று படிகள் உண்டு. நம் மோனசைட்டில் டிஸ்ப்ரோசியம் மிகக் குறைவு. இரண்டையும் அடுத்த ஸ்லைடில் வைத்து, நேரமில்லை என்று தாண்டிவிடுங்கள். காந்தத் தயாரிப்புக்காக மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் தந்த 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். கைதட்டுவார்கள்.

9. 2025 அக்டோபர் 9 அன்று சீனா கட்டுப்பாட்டை இன்னும் விரித்தது, நவம்பரில் அந்தப் புதிய பகுதியை மட்டும் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. ஏப்ரல் விதி அப்படியே நிற்கிறது. நீங்கள் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதி ஃபைலை மூடுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த கொட்டேஷனில் விலை கூடுதலாக இருக்கும், அதையும் அதே ஃபைலில் போட்டு மூடுங்கள்.

அடுத்த ஆர்டரை நிங்போவுக்கே அனுப்புங்கள். நீண்டகால வாடிக்கையாளர் என்று சொல்லி டிஸ்கவுன்ட் கேட்க மறக்காதீர்கள்.