ஊசி யாருக்கு?

கேள்வி: ஐவிஎஃப் இரண்டு முறை பலிக்கவில்லை. ரத்தம் உறையும் கோளாறாக இருக்கும், ஹெப்பாரின் ஊசி போட்டால் கரு தங்கும் என்கிறார்கள். போடலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, காஜாங்

பதில்: உங்கள் ஊர் சாத்தேயைப் பத்துப் பத்துக் குச்சியாகக் கேட்கலாம், அம்மா, ஊசிக்கு முன் செய்யும் ரத்தப் பரிசோதனைகளை அப்படிக் கேட்கக் கூடாது.

கருச்சிதைவும் தொடர்ந்திருந்தால் ஆன்டிபாஸ்போலிபிட் நோய் இருக்கிறதா என்று பாருங்கள். 1983-இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விவரித்த நோய் இது. உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தை உறையவைக்கும், நஞ்சுக்கொடியையும் கெடுக்கும். ஒரு 'பாசிட்டிவ்' போதாது. 12 வாரம் கழித்துப் பரிசோதித்தாலும் அதே முடிவு வர வேண்டும். உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கருவைக் காக்க உதவும்.

'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' போன்ற பரம்பரை ரத்த உறைவுக் கோளாறுகளின் கதை வேறு. அவற்றோடு தொடர் கருச்சிதைவும் கண்ட பெண்களைப் பற்றிய ஆய்வு 2023-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஹெப்பாரின் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 71 சதவீதம் குழந்தை பெற்றார்கள். ஊசி கூட்டியது, தோல் கன்றுவதைத்தான்!

உங்களுக்கோ குடும்பத்திலோ காலில் ரத்தக்கட்டு வந்திருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். சிகிச்சை ஹார்மோன்களே ரத்த உறைவைத் தூண்டக்கூடும். அப்போது அந்த ஊசி கருவுக்காக அல்ல, உங்கள் உயிருக்காகத் தேவைப்படலாம்.